பொட்டு வைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற அறை ஒன்றே ஒன்றுதான். பினாங்குத் தீவில், ஜெலுத்தோங் வட்டாரத்து வரிசை வீடுகளில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. முன்னால் ஹால், பின்னால் சமையலறை, நடுவில் எல்லாம் இருட்டு. ஜன்னல் வைத்த அந்த அறையில் மட்டும் விளக்குப் போடாமலே ஊசியில் நூல் கோர்க்கலாம். நான் வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறவள். அந்த ஜன்னலோரம் யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் அங்கே ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது ஓர் இரும்பு அலமாரி. சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு இறுக்கியது. உள்ளே என் வீட்டுக்காரரின் துப்பாக்கி.

உடனே பயந்துவிடாதீர்கள். லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கி அது. கடல் தாண்டி, சுங்கை பாக்காப் பக்கம் அவருக்கும் அவர் தம்பிக்குமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளி. காட்டுப்பன்றி வந்து செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். அதை விரட்டத்தான் துப்பாக்கி. இத்தனை வருடத்தில் அந்தத் துப்பாக்கியால் ஒரு பன்றியாவது செத்தது என்று யாராவது சொன்னால் என் கத்தரிக்கோலைக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுகிறேன். இவர் சுடுவார், பன்றி ஓடும், அடுத்த வாரம் அதே பன்றி திரும்பி வரும். அதற்கு இவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றும்.

லைசென்ஸ் புதுப்பிக்க வருடா வருடம் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சென்ற முறை போனபோது அங்கிருந்த மலாய் சார்ஜன் அதை உறையிலிருந்து எடுத்ததும் முகத்தைச் சுளித்திருக்கிறார். பினாங்குக் காற்றில் கதவுக் கீலே துருப்பிடிக்கிறது, மழையிலும் சேற்றிலும் சுற்றுகிற துப்பாக்கியை மட்டும் விட்டுவைக்குமா? குழல் முழுக்கப் பழுப்பு. நம்பரைப் படிக்க சார்ஜன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்ற வேண்டியிருந்ததாம்.

"அங்கிள், இது துப்பாக்கியா, பழைய தண்ணிக் குழாயா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு மாதம் தவணை. அதற்குள் துருவை எல்லாம் எடுத்துச் சுத்தமாகக் கொண்டுவந்து காட்ட வேண்டும், நம்பர் மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. இப்படியே மறுபடியும் கொண்டுவந்தால் லைசென்ஸ் கிடையாது, ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் முகத்தைச் சோகமாகத்தான் வைத்துக்கொண்டேன். மனசுக்குள் மேளம் கொட்டியது. துப்பாக்கி போனால் அலமாரி போகும், அலமாரி போனால் சமையலறையில் கிடக்கிற என் துணி வெட்டும் மேசை அங்கே வரும். மறுநாளே அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போய், அலமாரியைச் சுற்றிச் சிவப்பு சிமெண்டுத் தரையில் தையல் சாக்பீஸால் மேசைக்குக் கோடு போட்டுவிட்டேன். நான்கு மூலையும் கச்சிதமாக. அவர் வாசலில் நின்று பார்த்தார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்று நினைத்துக்கொள்வீர்கள். என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் பக்கத் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற புதிதில் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். டிவி ஓடாது. ரிமோட் கையில் இருக்கும்.

"போட்டுப் பாருங்களேன்" என்பேன்.

"போட்டா மட்டும் என்ன வரப்போவுது?" என்பார்.

அந்த மனிதரை எழுப்பி வெளியே கொண்டுபோனது அந்தத் துப்பாக்கிதான். "பன்னித் தொல்லை தாங்க முடியலண்ணே, துப்பாக்கிய எடுத்துக்கிட்டு வாங்க" என்று தம்பி கூப்பிட்டார். அதுவரை பேருக்கு அலமாரியில் கிடந்த பொருள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவரே சட்டைக்கு இஸ்திரி போட்டு, பிளாஸ்க்கில் காப்பி ஊற்றி, பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். அறுவடையும் உரமும் தம்பி பார்த்துக்கொள்வார். இவருக்கு அங்கே இருந்த ஒரே உத்தியோகம் துப்பாக்கி பிடிப்பது. அது போய்விட்டால் தம்பி வீட்டில் சும்மா போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர், அவ்வளவு கூச்சம். துப்பாக்கி போனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும், மறுபடியும் ரிமோட்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கோடு போட்டேன். மேசை ஆசை அப்படி.

வேலை ஆரம்பமானது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றினார். ஹார்ட்வேர் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதற்கு ஒரு மூடியும் வந்தன. குழாயை ஒரு பக்கம் அடைத்து, குளியலறை மூலையில் நிறுத்தி, உள்ளே துப்பாக்கிக் குழலை இறக்கி, அதன் தலை வரைக்கும் வினிகரை ஊற்றினார். நான் ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த வினிகர்.

"என்னங்க, துப்பாக்கிய ஊறுகா போடுறீங்களா?"

"புளிப்பு பட்டா துருவும் போயிடும், பழைய நிறமும் போயிடும். அப்பத்தான் புது நிறம் ஏத்த முடியும். போன்ல பாத்தேன்."

"உப்புக் காரம் போட வேணாமா?"

அன்றைக்கு நான் ஊறுகாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் குளித்தேன்.

குழலை வெளியே எடுத்தபோது அது நரைத்துப்போய், பார்க்கவே பாவமாக இருந்தது. நம்பர் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிவிட்டு, மற்ற இடமெல்லாம் பொடி உப்புத்தாளும் இரும்புப் பஞ்சுமாகத் தேய்த்தார். தேய்த்தார் என்றால் அப்படித் தேய்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டி ஒன்றைக்கூட அந்த மாதிரி அவர் தேய்த்து நான் பார்த்ததில்லை. கேட்டேன்.

"சட்டிக்கு லைசென்ஸ் இல்லல்ல" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் ஊரடங்கு. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் நிறம் பிடிக்காதாம், விரல் வேர்வை பட்டால் அந்த இடம் திட்டாக நின்றுவிடுமாம். நான் பாத்திரம் கழுவுகிற ரோஸ் நிறக் கையுறை அவர் கைக்குப் போனது. சமையலறையில் தாளித்தால் கதவைச் சாத்த வேண்டும். ஊறுகாய் சாப்பிட்ட கையோடு யாரும் அந்த அறைப் பக்கம் வரக்கூடாது. யாரும் என்றால் யார்? வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

"புளிப்புன்னா நிறத்துக்கு எமன். எலுமிச்சை, புளி, தக்காளி, எதுவும் கிட்ட வரக்கூடாது. சொல்லிப்புட்டேன்."

"ரசம் வெக்கலாமா, இல்ல அதுக்கும் போலீஸ்ல கேக்கணுமா?"

துப்பாக்கித் தோட்டா விற்கிற கடையில் வாங்கிய ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதுதான் நிறம் ஏற்றுகிற மருந்து. குழலைச் சூடாக்கி, பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒரே இழுப்பாகத் தடவ வேண்டும். தடவினால் இரும்பு கறுக்கும். கழுவி, லேசாகத் தேய்த்து, மறுபடியும் சூடாக்கி, மறுபடியும் தடவ வேண்டும். நான் ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தேடுகிறேன், ஹேர் டிரையரைக் காணோம்.

"ஏங்க, என் ஹேர் டிரையர் எங்க?"

"ஒரு நிமிசம்மா. கொழலு சூடா இருந்தாத்தான் மருந்து பிடிக்கும்."

"என் தலை ஈரமா இருக்கு. அதுக்கும் சூடு வேணும்."

"உன் தலை தானா காஞ்சிரும். இரும்பு அப்படி இல்ல லா."

ஈரத் தலையோடு நின்று பார்த்தேன். கோபமாகத்தான் நின்றேன். ரோஸ் கையுறை போட்டுக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் ஒரு இழுப்பு இழுத்தார். சாம்பல் நிறம் அப்படியே கறுத்து, கறுப்புக்குள் ஒரு நீலம் வந்தது. புதுக் கத்தரிக்காய்த் தோல் மாதிரி. எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. ஆனால் வாயைத் திறந்து பாராட்டினால் அந்த மாதம் முழுக்கப் பேசுவார் என்று, "கையுறைய கழுவி வைங்க" என்று மட்டும் சொன்னேன்.

வேலை முடிந்து எண்ணெய் தடவி அவர் குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்த அன்று, ஒன்று புரிந்தது. இந்த மனிதருக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். என் மேசை அவ்வளவுதான். அடுப்பில் இருந்த சட்டியை அன்றைக்கு இரண்டு மூன்று முறை டங்கென்று வைத்தேன். தரைக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. துடைக்கும்போதுகூட அதை விட்டுவிட்டுத்தான் துடைத்தேன்.

தவணை முடிகிறதற்கு முதல் நாள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். சாமி மேடை முன்னால் சிவப்புத் துணி விரித்து என் தையல் மெஷின், கத்தரிக்கோல், அவருடைய ஸ்பேனர்கள், கார் சாவி எல்லாம் வைத்தேன். நடுநாயகமாகத் துப்பாக்கி. வருடா வருடம் அதற்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு.

"அதுக்கு நான் வெக்கிறேன். உன் கை மசாலாக் கை" என்றார்.

"வைங்க சாமி, நீங்களே வைங்க."

குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்தார். சந்தனத்தை மூன்று விரலால் குழல் மேல் பட்டையாக இழுத்தார். எண்ணெய் தடவிய இரும்பில் சந்தனம் நிற்குமா? வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கியது. உடனே ஒரு சுத்தமான துணியை எடுத்து, பட்டை போடுகிற இடத்தில் மட்டும் எண்ணெயை ஒட்டத் துடைத்தார். பிறகு, "அந்த எலுமிச்சம்பழத்த அறுத்துக் குடு" என்றார். அறுத்துக் கொடுத்தேன். சந்தனத்தில் நன்றாகப் பிழிந்து, குழைத்து, மூன்று பட்டை போட்டார். அச்சாக நின்றது. அதன் நடுவில், அதே சாற்றில் குழைத்த குங்குமம், வட்டமாக. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி?"

"அம்சமா இருக்குங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ரசத்துக்கு ஊரடங்கு போட்ட மனிதர் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறார், அதை அறுத்துக் கொடுத்தவள் நான், எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சமையலில் இருக்கிற புளிப்பு வேறு, சாமிக்குப் பிழிகிற புளிப்பு வேறு என்று மூளையில் எங்கேயோ தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம் போல. தீபாராதனை காட்டினோம், சுண்டல் சாப்பிட்டோம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது முறை. தொடவில்லை.

மறுநாள் காலையில் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அவர் துப்பாக்கியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"முருகா!"

தேள் கொட்டிவிட்டது என்று நினைத்து ஓடினேன். குழலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய் நீலத்தின் நடுவில், வெளுத்த மூன்று பட்டைகள். நடுவில் வெளுத்த ஒரு வட்டப் பொட்டு. ஓரங்களில் அதற்குள் துரு அரும்பிவிட்டது. ஒரு துளி இடம் மாறாமல், துப்பாக்கி நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பின மாதிரி இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அந்த வியாதி உண்டு. சிரித்து முடித்துவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மருந்து மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"பாட்டில் காலி. கடையில இனிமேதான் சரக்கு வருமாம்." அன்றைக்குத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய கடைசி நாள். அவர் குழலைத் துணி மேல் மெதுவாக வைத்தார். "துருவோட வராதேன்னு சொன்னாரு. நான் பட்டை போட்டுக்கிட்டுப் போய் நிக்கிறதா? மானம் போயிடும். ஒப்படைச்சிர்றேன். விடு."

"என்னங்க பேசுறீங்க?"

"இல்லம்மா. உன் மேசைக்கும் எடம் கெடைச்சிரும். கோடெல்லாம் போட்டு வெச்சிருக்கியே. அதை மிதிக்காமத்தானே நான் போறேன், வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். எழுந்து போய் அந்த அறைத் தரையைப் பார்த்தேன். அலமாரிக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் நிற்க வேண்டும். ஒரு மாதமாக அந்த மனிதர் கழற்றுவதும் பூட்டுவதுமாக நடையாய் நடந்திருக்கிறார். என் சாக்பீஸ் கோடு ஓர் இடத்தில்கூடக் கலையவில்லை. அவர் துப்பாக்கியைத் தொடாதே, தும்மாதே என்று என்னைப் படுத்திய பாட்டை எல்லாம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். என் கோட்டுக்கு அவர் கொடுத்த மரியாதை என் கண்ணில் படவே இல்லை.

"சட்டைய மாத்துங்க. நானும் வர்றேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"வாய் பேச ஒரு ஆளு வேணும்ல."

ஸ்டேஷனில் அதே சார்ஜன். மலாயில்தான் பேச்சு, ஐயா என்பதற்கான 'துவான்' தவிர மற்றதை இங்கே தமிழில் எழுதுகிறேன். உறையைத் திறந்து துப்பாக்கியை எடுத்தவர், முதலில் இவர் வேறு துப்பாக்கி கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தார். நம்பரைப் பார்த்தார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. திருப்பினார். பட்டையும் பொட்டும் மேலே வந்தன.

"அங்கிள், இது என்ன?"

என் வீட்டுக்காரர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். கிரேனில் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர், அந்த நாற்காலியில் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"பூஜை பண்ணினோம், துவான்" என்றேன் நான். "வருசத்துல ஒரு நாள் வேலை செய்ற சாமான் எல்லாத்துக்கும் சந்தனம் வைப்போம். காருக்கு, என் தையல் மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு. நேத்து இதுக்கும் வெச்சோம். எலுமிச்சைச் சாறு நிறத்தைத் தின்னுடுச்சு."

"துப்பாக்கிக்குப் பூஜையா?"

"அது ஒழுங்கா வேலை செய்யலதான். ஒரு பன்னியகூடச் சுட்டதில்ல. ஆனாலும் எங்க வீட்டுச் சாமான் தானே, துவான்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! சார்ஜன் சிரிக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பெரிய அதிகாரி அறைக்குப் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? என்னுடைய மேசையை அந்த ஜன்னலோரத்தில் நினைத்துப் பார்த்தேன். அதன் பின்னால் ஹாலில் ஓடாத டிவியும், ரிமோட்டும், இவரும். அந்த மேசை எனக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. இவர் துப்பாக்கி உறையை மடியில் போட்டு அதன் ஜிப்பை இழுத்து இழுத்து மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுக்கு வெளியே நாங்கள் கை பிடித்துக்கொள்கிற ஜாதி இல்லை. அவரும் விடவில்லை.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சார்ஜன் வெளியே வந்தார்.

"துரு போயிருச்சு, நம்பர் தெரியுது, எல்லாம் சரியா பூட்டுது. லைசென்ஸ் போட்டுத் தர்றேன். அந்த மூணு கோட்டுல எண்ணெய் போடுங்க, அங்கதான் முதல்ல துரு வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க பெரியவர் கேக்கச் சொன்னாரு. நிறம் ஏத்துறதுக்கு என்ன மருந்து போட்டீங்க?" என்றார்.

சுருங்கிக் கிடந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வினிகரில் ஆரம்பித்து என் ஹேர் டிரையர் வரை ஒன்று விடாமல் சொன்னார். பின்னால் காத்திருந்த ஆட்கள் நெளிய ஆரம்பித்தார்கள். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டை, பிளாஸ்க், துப்பாக்கி எல்லாம் பாலம் தாண்டிப் போயின. மத்தியானம் போன் வந்தது.

"பன்னி வந்துச்சு" என்றார்.

"சுட்டீங்களா?"

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களைத்தான். சுட்டீங்களா, இல்லையா?"

"இல்ல. சுட்டா கொழலு அழுக்காயிடும்ல. இப்பத்தானே நிறம் ஏத்துனேன்."

"அட கடவுளே! அப்புறம் என்னத்துக்குங்க அந்தத் துப்பாக்கி?"

"கையத் தட்டுனேன். ஓடிருச்சு."

பின்னால் அவர் தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறது கேட்டது. இவரும் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரிக்கிற பழைய சிரிப்பு. நான் திட்டிக்கொண்டே போனை வைத்துவிட்டு, ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் அலமாரியைச் சுற்றியிருந்த கோட்டைத் துடைத்தேன். தையல் சாக்பீஸ் சிவப்புத் தரையில் ஊறிவிட்டது போல, முழுசாகப் போய்த் தொலையவில்லை. ஒரு பக்கக் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது. மேசை சமையலறையில்தான் இருக்கிறது, விளக்குப் போட்டுத்தான் வெட்டுகிறேன். அவர் இப்போதும் அலமாரியைத் திறக்கப் போகும்போது அந்தக் கோட்டைத் தாண்டித்தான் காலை வைக்கிறார்.